சூறாவளி குறைந்த வருஷம்

அட்லாண்டிக் மகாசமுத்திரத்தில் ஜூன் 1-ந் தேதி முதல் நவம்பர் 30-ந் தேதி முடிய சூறாவளிக் காலம் என்று வகுத்திருக்கிறார்கள். 1991 முதல் 2020 வரையிலுள்ள 30 வருஷக் கணக்கின்படி, சராசரி ஒரு வருஷத்தில் பெயர் சூட்டப்பெறும் புயல்கள் 14. அவற்றுள் சூறாவளியாக முதிர்வன 7. மகா கடூரமானவை 3. இத்தொகைக்குக் குறைந்துபோகும் வருஷத்தை 'அமைதியான வருஷம்' என்று அத்தேசங்களில் அழைப்பது வழக்கமாயிருக்கிறது. இந்தப் பெயர் நமக்குச் சற்றும் சம்மதமில்லை. எண்ணிக்கை குறைந்தது உண்மை. அபாயம் குறைந்தது என்பது அதிலிருந்து எவ்வாறு சித்திக்கும்?

1992-ம் வருஷத்தை எடுத்துக்கொள்வோம். அவ்வருஷம் ஆகஸ்டு மாதம் பாதி கழியும் வரையில் ஒரு புயலுக்கேனும் பெயர் சூட்ட நேரவில்லை. முதலில் பெயர் பெற்றது 'ஆண்ட்ரூ'. ஆகஸ்டு 24-ந் தேதி விடியற்காலையில் அது பிளாரிடா மாகாணத்தின் தென்கோடியில், ஹோம்ஸ்டெட் என்னும் ஊரருகே, மணிக்கு 165 மைல் வேகத்துடன் கரையேறிற்று. 25,000-க்கு மேற்பட்ட வீடுகள் நாசமாயின. 1965-க்குப் பின் அப்பிரதேசத்தைப் பெருஞ்சூறாவளி தாக்கியதில்லை. இடைப்பட்ட காலத்தில் ஜனங்கள் பெருகினர், வீடுகள் மலிவாகவும் அவசரமாகவும் எழும்பின, கட்டட விதிகள் ஏட்டோடு நின்றன. காற்று வந்து பரிசோதனை நடத்திய பிறகே கூரைகள் எவ்வளவு அலட்சியமாக ஆணியடிக்கப்பட்டிருந்தன என்பது வெளியாயிற்று. 'அமைதியான வருஷம்' என்று சொல்லும் சராசரியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால், எந்த வக்கீலும் ஹோம்ஸ்டெட் என்ற ஒரே பெயரைச் சொல்லி அதை மடக்கிவிடலாம்.

சில வருஷங்களில் சூறாவளி குறைவதற்குக் காரணம் என்ன? ஆப்பிரிக்காக் கண்டத்திலிருந்து மேற்கு நோக்கி வரும் காற்றலைகளே அநேக சூறாவளிகளுக்கு வித்து. அவ்வித்து முளைக்கக் கடல்நீர் ஏறக்குறைய 26.5 டிகிரி வெப்பமாவது பெற்றிருக்க வேண்டும். நடுவானில் ஈரம் வேண்டும். கீழே வீசும் காற்றும் மேலே வீசும் காற்றும் வேகத்திலும் திசையிலும் அதிகமாக முரணலாகாது. முரணினால், கோபுரம்போல் எழும் மேகக் கூட்டத்தின் தலை ஒருபுறமும் அடி ஒருபுறமுமாகச் சாய்ந்து, புயல் குலைந்துபோகும். ஸஹாராப் பாலைவனத்திலிருந்து வரும் வறண்ட புழுதிக் காற்றும் அதன் உயிரை வாங்கிவிடும்.

இம்முரணை உண்டாக்குவதில் வல்லது, பசிபிக் சமுத்திரத்தின் கீழ்ப்பாகம் வழக்கத்துக்கு மேல் சூடேறும் 'எல் நினோ'. பெரு தேசத்துச் செம்படவர் கிறிஸ்து பிறந்த திருநாளையொட்டி அது வரக் கண்டு 'குழந்தை' என்று பெயரிட்டனர். இக்குழந்தை பசிபிக்கில் விழித்தால் கரிபியன் வானில் மேல்காற்று பலக்கிறது, சூறாவளி ஒடுங்குகிறது. இத்தொடர்பை 1984-ல் விளக்கி, வருஷந்தோறும் முன்னறிவிப்பு வெளியிடத் தொடங்கியவர் அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் கிரே.

இவ்விஷயத்தில் நமக்கும் ஒரு பாத்தியதை உண்டு. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை இலாகாவின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர், நமது பருவமழை பொய்ப்பதன் காரணத்தைத் தேடப் புகுந்தே, பசிபிக்கிலும் இந்து மகாசமுத்திரத்திலும் காற்றழுத்தம் தராசுத் தட்டுப்போல ஏறி இறங்குவதைக் கண்டார். அந்த ஆட்டமும் எல் நினோவும் ஒன்றோடொன்று பிணைந்தவை. 1972-ல் எல் நினோ ஓங்கியிருந்தது. அட்லாண்டிக்கில் கடுஞ்சூறாவளி ஒன்றுகூட எழவில்லை. அதே வருஷத்தில் மகாராஷ்டிரம் கொடிய வறட்சியில் வாடிற்று. ஒரு கரையார் நிம்மதியாக உறங்கிய இரவுகளில், மற்றொரு தேசத்துக் குடியானவன் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கும் அமைதி பூரணமன்று. மிக எளியதென்று எண்ணப்பட்ட 'ஆக்னெஸ்' என்னும் சூறாவளி பென்சில்வேனியாவைப் பெருவெள்ளத்தில் ஆழ்த்தி, 100-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதும் 1972-ல்தான்.

எல் நினோ இல்லாமலும் சூறாவளி குறைவதுண்டு. 2013-ல் அமெரிக்க சர்க்காரின் வானிலை நிபுணர்கள் 7 முதல் 11 சூறாவளிகள் வரை எதிர்பார்த்தனர், வந்தவை இரண்டே. கடலில் வெப்பம் இருந்தது; ஆயினும் வறண்ட காற்று மேலிருந்து அழுந்திப் புயல்களை வளரவொட்டாமல் தடுத்துவிட்டது. நிபுணர்களை நகையாடியவர்களுக்கு அது நல்ல விருந்து. ஆனால் அவ்விரண்டில் ஒன்றான 'இங்கிரிட்' மெக்ஸிகோவின் கீழ்க்கரையையும், பசிபிக்கிலிருந்து வந்த 'மானுவெல்' மேற்கரையையும் செப்டம்பர் நடுவில் ஏககாலத்தில் தாக்கின. லா பின்டாடா என்னும் மலைக்கிராமத்தின்மீது மண் சரிந்து பலர் புதையுண்டனர். அக்கிராமத்தாரிடம் சென்று, அது அமைதியான வருஷம் என்று யார் சொல்ல வல்லார்?

ஆகவே புயல் வராத வருஷங்களில் ஒரு சர்க்கார் என்ன செய்கிறது என்பதையே நாம் கேட்க வேண்டும். ஒரிஸ்ஸாவில் 1999-ல் அடித்த புயலில் சுமார் 10,000 பேர் மாண்டனர். இடைக்காலத்தில் புகலிடங்கள் கட்டப்பட்டன; எச்சரிக்கை கிராமந்தோறும் செல்ல ஏற்பாடாயிற்று. 2013 அக்டோபரில் 'பைலின்' வந்தபோது ஏறக்குறைய 10 லட்சம் ஜனங்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டனர். உயிர்ச்சேதம் 50-க்குள் அடங்கிற்று. செல்வம் கொழிக்கும் பிளாரிடாவோ, மாகாணம் முழுமைக்கும் ஒரே கட்டட விதியை அமலுக்குக் கொண்டுவர ஆண்ட்ரூவுக்குப் பின் 10 வருஷம் எடுத்துக்கொண்டு, 2002-ல்தான் அதை முடித்தது. ஹெய்ட்டி போன்ற ஏழை நாடுகளுக்கு அத்தனை அவகாசமும் இல்லை, பணமும் இல்லை. புயல் அடித்த பின் கம்பளியும் ரொட்டியும் அனுப்பும் வல்லரசுகள், கடல் அடங்கிக் கிடக்கும் வருஷத்திலேயே அங்கே கூரைக்கும் புகலிடத்துக்கும் பணம் அனுப்ப முன்வர வேண்டும்.