அப்பா ஓட்டினால்தான் பிள்ளை ஓட்டலாமா?

இந்தியாவிலிருந்து இதுவரை பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டியவர்கள் இரண்டே பேர். இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள்; இருவரும் பந்தயக் குடும்பத்துப் பிள்ளைகள். 2005-இல் ஜோர்டான் அணிக்கு ஓட்டிய நரேன் கார்த்திகேயனின் தந்தை ஜி.ஆர்.கார்த்திகேயன், தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். 2010-இல் களமிறங்கிய கருண் சந்தோக்கின் தந்தை விக்கியும் ராலி ஓட்டியவர்; தாத்தா இந்து சந்தோக், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் நிறுவனர்களில் ஒருவர். அந்தக் கிளப் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அமைத்த தடத்தில்தான் நரேனின் பந்தய வாழ்க்கை தொடங்கியது. வாரிசு என்றதும் நமக்கு அரசியல் ஞாபகம் வந்து முகம் சுளிக்கிறோம். இங்கே அது பொருந்தாது. அப்பாவின் பெயர் வண்டியில் ஏற்றிவிடும், அவ்வளவுதான். அதற்குமேல் கடிகாரம் யாருக்கும் சலுகை காட்டாது. 1996-இல் நரேன் பார்முலா ஆசியா பட்டம் வென்றது சொந்தத் திறமையால்.

குறை உள்ளே போனவர்களிடம் இல்லை. வேறு வாசல் இல்லாததில் இருக்கிறது. தடத்தின் பக்கத்திலேயே ஹூண்டாய். சற்றுத் தள்ளி ஒரகடத்தில் ரெனோ, ராயல் என்ஃபீல்டு, பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டெய்ம்லர், போதாததற்கு வாகனச் சோதனை மையம் ஒன்று. ஆண்டுக்குப் பல லட்சம் வண்டிகள் பிறக்கும் வட்டாரம். ஆனால் அந்த வண்டிகளைப் பூட்டும் தொழிலாளியின் மகள் பந்தய ஓட்டுநர் ஆக வழி எது? பார்முலா 1 ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டனின் அப்பா பந்தயக்காரர் அல்ல. மகனின் கோ-கார்ட் பந்தயச் செலவுக்காகப் பல வேலை பார்த்தவர். 1998-இல், ஹாமில்டனின் பதின்மூன்று வயதில், மெக்லாரனும் மெர்சிடிஸும் அவர் செலவை ஏற்றன. ஒரகடத்து டெய்ம்லரும் அந்த மெர்சிடிஸும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதை இங்கே யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இது பணக்கார வீட்டு விளையாட்டு, தொழிலாளி பிள்ளைக்கு எதற்கு என்பார்கள். கார் பந்தயத்தில் உண்மைதான். ஆனால் டிவிஎஸ், ஹோண்டா நிறுவனங்கள் தாங்களே பைக் கொடுத்து நடத்தும் பந்தயங்களில் சாதாரண வீட்டுப் பையன்கள் ஜெயித்துக் காட்டியிருக்கிறார்கள். இதைவிடக் கனமான ஆட்சேபம் உயிர்ப்பயம். 2023-இல் இதே தடத்தில் இருவர் இறந்தனர். ஒருவன் பதின்மூன்று வயதுச் சிறுவன். இதை மழுப்பக் கூடாது. சிறுவர்களுக்கு வேகம் குறைந்த கோ-கார்ட் மட்டும், பெரிய பைக்குக்குக் கறாரான வயது வரம்பு என்ற நிபந்தனை இல்லாமல் எந்தப் பயிற்சியும் வேண்டாம். ஆனால் தடத்தைப் பூட்டிவிட்டால் பையன்கள் வீட்டில் உட்கார்ந்துவிடுவார்களா? கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போவார்கள். அங்கே மருத்துவரும் இல்லை, கொடி காட்டி நிறுத்துபவரும் இல்லை.

2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுக் கார் பந்தயம் நடத்த அரசு பணம் செலவழித்தது. ஒரு வார இறுதிக் கேளிக்கை. அந்தப் பணத்தில் ஒரு பங்கிருந்தால் இருங்காட்டுக்கோட்டையில் கோ-கார்ட்டுகள் வாங்கி, ஸ்ரீபெரும்புதூர் வட்டார அரசுப் பள்ளிகளில் ஆண்டுதோறும் ஓட்டும் திறனுக்குத் தேர்வு வைக்கலாம். வண்டிகளைப் பராமரிக்க ஐ.டி.ஐ. மாணவர்கள் இருக்கிறார்கள். நிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியை விளையாட்டுப் பயிற்சிக்குச் செலவிடச் சட்டமே இடம் தருகிறது. சிப்காட் தொழிற்பேட்டையில் நிலம் ஒதுக்கும்போதே அரசு இதைக் கேட்டு வாங்கலாம்.