பேரில் மட்டும் பழம்

என் தம்பிக்கு ஆறு வயது. சென்ற ஏப்ரலில் நுவரெலியா போய் வந்த சாச்சா, வழியில் வாங்கிய ஒரு சிறு பெட்டி ஸ்ட்ரோபெரியை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். தம்பி ஒன்றை எடுத்துக் கடித்தான். முகத்தைச் சுளித்தான். “ராத்தா, இது ஸ்ட்ரோபெரி மாதிரி இல்லையே!” என்றான்.

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் படுக்கப் போன பிறகும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. பழத்தைக் கடித்துவிட்டு, அது பழம் மாதிரி இல்லை என்று ஒரு பிள்ளை சொல்கிறது. அப்படியானால் அவனுக்கு ஸ்ட்ரோபெரியை முதலில் அறிமுகம் செய்தது யார்? எங்கள் குசினி அலுமாரியின் இரண்டாவது தட்டில் நிற்கும் எசென்ஸ் போத்தல்தான்.

என் உம்மா வீட்டில் கேக் செய்து விற்பவர். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வருடம் வாப்பாவின் வியாபாரம் படுத்துவிட்டது. மின்வெட்டு குறைந்து, எரிவாயுவும் கிடைக்கத் தொடங்கியதும், உம்மா தன் கல்யாணத்துக்கு வந்த பழைய ஒவனைத் துடைத்து எடுத்தார். என் டியூஷன் காசும் தம்பியின் பால்மாவும் அந்த ஒவனிலிருந்துதான் வந்தன. ஆகவே கேக்கைப் பற்றி நான் இங்கே குறை சொன்னால், அந்தக் கேக்கால் வளர்ந்தவள் என்ற நன்றியோடுதான் சொல்கிறேன்.

ஏப்ரல் எங்கள் வீட்டில் ஓடர் குவியும் மாதம். பாடசாலை விடுமுறை, வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர், நுவரெலியாவின் வசந்த காலத்துக்குக் கம்பளை வழியே போகும் வாகனக் கூட்டம் எல்லாம் ஒன்றாக வரும். அப்போது உம்மாவின் தொலைபேசிக்குப் படங்களும் வரும். நான்கு அடுக்குக் கேக், இளஞ்சிவப்பு ஐசிங், மேலே பூ, பக்கத்தில் இரண்டு ஸ்ட்ரோபெரி. “இது மாதிரியே ஸ்ப்ரிங் கேக் ஒண்டு வேணும்” என்று கீழே ஒரு வரி.

அந்தப் படம் எடுக்கப்பட்ட நாட்டில் வசந்தம் என்றால் குளிர் விட்டுப் போகும் காலம். ஐசிங் பூசிய கேக்கை மேசையில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்ப் பூப் பறித்து வரலாம். இங்கே ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கிறது. பட்டரோ 32, 33 பாகையிலேயே இளகிவிடும். அதனால்தான் பெரும்பாலானவர்கள் ஐசிங்கில் பட்டருக்குப் பதிலாக மாஜரினையோ வெள்ளைக் கொழுப்பையோ சேர்க்கிறார்கள். நாக்கில் ஒரு மெழுகுப் படலம் ஒட்டுகிறதே, அது அதுதான்.

தமிழிலும் இது வசந்தம்தான். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று தரம் ஏழிலேயே படித்தோம். ஆனால் பெயரைக் கவனியுங்கள், அதற்குள்ளே வேனில் இருக்கிறது. எங்கள் வசந்தத்தில் மா பழுக்கும், பலா மணக்கும், வேலியில் கொடித்தோடை தொங்கும். (பாடப் புத்தகத்தில்தான் கொடித்தோடை. வீட்டில் எல்லோருக்கும் அது பெஷன்புரூட்.) இவ்வளவும் முற்றத்தில் கிடக்க, வசந்தக் கேக் என்றதும் நாங்கள் போத்தலைத் திறக்கிறோம்.

ஒரு நாள் ஓடர் ஒன்று செய்துகொண்டிருந்தபோது கேட்டே விட்டேன்.

“உம்மா, ஸ்ட்ரோபெரி கேக் எண்டு செல்றீங்க. இதுல எங்க ஸ்ட்ரோபெரி?”

உம்மா பீட்டரை நிறுத்தவில்லை. “பேர்ல ஈக்கிதானே மகள்.”

என் கருத்தை நேரே சொல்லிவிடுகிறேன். எசென்ஸ் விஷம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் குரல்பதிவுகள் வட்ஸ்அப்பில் வாரத்துக்கு ஒன்று வருகின்றன. அவற்றில் முக்கால்வாசிக்கு ஆதாரமே இல்லை. அனுமதிக்கப்பட்ட நிறத்தை அளவாகச் சேர்ப்பதும் குற்றமில்லை. என் முறைப்பாடு பெயரைப் பற்றியது. கடையில் வாங்கும் பிஸ்கட் பைக்கற்றில் கூட, சிறிய எழுத்திலாவது “சுவையூட்டப்பட்டது” என்று இருக்கும். வீட்டுக் கேக்கில் அந்தச் சிறிய எழுத்தும் இல்லை. பழத்தின் பெயரைச் சொல்லிக் காசு வாங்கினால் உள்ளே பழம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது.

சொல்வது சுலபம். செய்து பார்த்தபோதுதான் உம்மாவின் பக்கம் எனக்கு விளங்கியது.

பெருநாள் காசில் ஒரு பெட்டி ஸ்ட்ரோபெரி வாங்கினேன். விலையைக் கேட்டதும் உம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. பழத்தை அப்படியே அரைத்துக் கேக் கலவையில் ஊற்றினேன். நன்றாகப் பொங்கட்டும் என்று கொஞ்சம் அப்பச்சோடாவும் போட்டேன். ஒவனிலிருந்து வந்தது சாம்பல் நிறத்தில் ஒரு கேக். நடுப்பகுதி களி போல ஈரம். தம்பி அதைச் “சீமெந்துக் கேக்” என்று பெயரிட்டுப் பக்கத்து வீட்டுக்கும் அறிவித்துவிட்டான்.

உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் எனக்கு இது வெட்கம். செவ்வரத்தம்பூச் சாற்றில் அமிலம் விட்டால் சிவக்கும், காரம் விட்டால் நிறம் மாறும் என்று ஆய்வுகூடத்தில் செய்து காட்டி மதிப்பெண்ணும் வாங்கியவள் நான். ஸ்ட்ரோபெரியின் சிவப்பும் அதே அந்தோசயனின்தான். அப்பச்சோடா காரம். செவ்வரத்தையை ஆய்வுகூடத்தில் விட்டுவிட்டுக் குசினிக்கு வந்திருக்கிறேன்! ஈரத்துக்குக் காரணம் இன்னும் எளியது, பழத்தில் பெரும்பகுதி தண்ணீர். பழத்தைத் தனியாக அடுப்பில் வைத்துப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, ஆறவைத்துச் சேர்த்திருக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும், எரிவாயு வேண்டும், இரண்டு மடங்கு பழமும் வேண்டும். போத்தலில் என்றால் அரைத் தேக்கரண்டி போதும். உம்மா சோம்பலில் போத்தலைத் திறக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகுதான் வேலியைப் பார்த்தேன்.

அந்தக் கொடித்தோடைக் கேக்கை நான் விரிவாகவே எழுதப் போகிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குப் போயிருக்கின்றன. பட்டர், சீனி, கோதுமை மா மூன்றும் 250 கிராம் வீதம், முட்டை ஐந்து, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி. இது உம்மாவின் வழக்கமான பட்டர் கேக் அளவுதான், மாற்றமில்லை. எட்டு அங்குலத் தட்டுகள் இரண்டில் ஊற்றிச் சுட்டு, ஆறிய பின் ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்டினால் நான்கு அடுக்கு வரும்.

அடுத்தது பழக்கூழ். எட்டுப் பத்துப் பழத்தின் சாற்றை வடித்தால் அரைக் கோப்பை கிடைக்கும். அதோடு நான்கு முட்டையின் மஞ்சட் கரு, 100 கிராம் சீனி, 75 கிராம் பட்டர். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரத்தை வைத்து, கை எடுக்காமல் கிண்ட வேண்டும். கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்கும்போது இறக்கிவிடலாம். வட்டிலப்பம் அவிக்கத் தெரிந்த கைக்கு இது பெரிய வேலையல்ல. முட்டையும் சூடும் நமக்குப் பழைய உறவுதான்.

மிஞ்சிய நான்கு வெள்ளைக் கருவும் ஐசிங்குக்குப் போகும். 200 கிராம் சீனியோடு சேர்த்து அதே கொதிநீரின் மேல் வைத்து 70 பாகை வரை சூடாக்கி, பிறகு பாத்திரம் முழுதாக ஆறும் வரை பீட்டரால் அடிக்க வேண்டும். பஞ்சு போல வந்ததும் 250 கிராம் பட்டரைச் சிறு சிறு துண்டாகச் சேர்க்க வேண்டும். பாதி வழியில் அது திரைந்த பால் போல ஆகும். முதல் முறை நான் அழுதுவிட்டேன். அடிப்பதை நிறுத்தாவிட்டால் ஐந்து நிமிடத்தில் தானாகவே சேர்ந்துவிடும் என்பது இரண்டாம் முறைதான் தெரிந்தது. ஐசிங் சீனியும் பட்டரும் மட்டும் அடித்த ஐசிங்கைவிட இதில் இனிப்புக் குறைவு. மூன்று மேசைக்கரண்டி பழக்கூழை இதில் கலந்தால் ஐசிங்குக்கும் பழத்தின் வாசம் வந்துவிடும். பூசும்போது ஒவ்வொரு அடுக்கின் ஓரத்திலும் ஐசிங்கால் வரம்பு கட்டி, நடுவில் கூழை விடுங்கள். வரம்பில்லாத வயல் மாதிரி, இல்லையென்றால் எல்லாம் வெளியே வழியும்.

அன்னாசியிலும் செய்யலாம், மாம்பழத்திலும் செய்யலாம். அன்னாசியை ஜெலட்டினோடு சேர்ப்பதானால் மட்டும் முதலில் வேகவைத்துவிடுங்கள். பச்சை அன்னாசியில் உள்ள நொதியம் ஜெலட்டினை உறையவிடாது.

உம்மா அந்தக் கேக்கில் ஒரு துண்டு தின்றார். பிறகு நின்றபடியே இன்னொரு துண்டு தின்றார். “நல்லா ஈக்கி” என்றார். உம்மா தன் வாயால் ஒரு கேக்கைப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் அடுத்த நாள் அதன் படத்தை வழக்கமான வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்பியபோது வந்த பதில், “கலர் காணாதே.”

இந்த இடத்தில் என் கோபம் உம்மாவை விட்டு உங்கள் பக்கம், அதாவது ஓடர் கொடுக்கும் எங்கள் பெற்றோர் பக்கம் திரும்புகிறது. தவறாக நினைக்க வேண்டாம். கேக் செய்பவர் போத்தலைத் திறப்பது நாங்கள் படத்தைக் காட்டுவதால்தான். மெல்லிய மஞ்சள் நிறத்தைப் பார்த்து “கலர் காணாது” என்கிறோம். உண்மையான பழத்தின் விலையைச் சொன்னால் “வீட்டில செய்றதுதானே, என்னத்துக்கு இவ்வளவு?” என்கிறோம். வீட்டில் செய்வதென்றால் பட்டர் இலவசமாக வருகிறதா? விடியற்காலை நான்கு மணிக்கு எழும்புகிற உம்மாவுக்குச் சம்பளம் வேண்டாமா? கடை விலையில் பாதி கொடுத்துவிட்டு, உள்ளே பழத்தையும் தேடினால் எப்படி?

தோழிகளே, நாங்களும் தப்ப முடியாது. சென்ற வருடம் என் வகுப்புத் தோழிகள் ஒரு பிறந்தநாளுக்கு உம்மாவிடம் கேக் கேட்டார்கள். அவர்கள் முதலில் கேட்ட கேள்வி “படத்துக்கு வடிவா இருக்குமா?” என்பது. என்ன சுவை என்று கேட்டவள் ஒருத்தி. தின்று முடித்த பிறகும் என்ன சுவை என்று அவளைத் தவிர யாருக்கும் ஞாபகமில்லை.

நம் நாட்டுக் கேக்குகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். லவ் கேக்கின் வேரைப் போர்த்துக்கேயர் காலத்தில் தேடுவார்கள். அது எங்கிருந்து வந்திருந்தாலும், இங்கே அதற்குள் கஜு போனது, நீற்றுப்பூசணியில் செய்த புஹுல்தோசி போனது, கறுவாவும் ஏலமும் போயின. கடல் கடந்து வந்த கேக்கை இந்த மண்ணின் கைகள் தங்கள் பொருளால் செய்து தங்களுடையதாக்கிக்கொண்டன. அந்தக் கைகளின் பேத்திகள் நாங்கள் நான்கு அடுக்குக் கேக்கைப் படத்தில் உள்ளபடியே பிரதி எடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

உம்மாவுக்கும் எனக்கும் இந்த விடயத்தில் பல நாள் வாக்குவாதம். முழுதாகப் போத்தலை விட முடியாது என்பது அவருடைய கட்சி. “பெஷன்புரூட் வருசம் முழுக்கக் காய்க்குமா? உன்ட பீஸை ஆரு கட்டுற?” இதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைசியில் ஓர் இரவு, ஓடர் எழுதும் கொப்பியை எடுத்துத் தானாகவே ஒரு திருத்தம் செய்தார். “ஸ்ட்ரோபெரி கேக்” என்ற வரியை வெட்டிவிட்டு “பிங்க் வெனிலா கேக்” என்று எழுதினார். கீழே புதிதாக ஒரு வரி: “பெஷன்புரூட் கேக் (பழம் போட்டது), பழம் உள்ள காலத்தில் மட்டும்.” விலையையும் அதற்குரியபடி எழுதினார், ஒரு ரூபாவும் குறைக்கவில்லை.

வெட்டிய வரியால் இரண்டு ஓடர் போனது உண்மை. “ஸ்ட்ரோபெரி இல்லையா? மற்ற இடத்தில செய்றாங்களே” என்று ஒருவர் கேட்டார். “செய்றாங்க. நான் ரோஸ் கலர்ல செஞ்சு தாரன், பேர் மட்டும் அது இல்ல” என்றார் உம்மா. அவர் வேறிடம் போய்விட்டார். அன்றிரவு உம்மா கணக்குக் கொப்பியை வழக்கத்தைவிட நேரம் எடுத்துப் பார்த்தார். நான் பக்கத்தில் இருந்து படிப்பது போல் பாவனை செய்தேன்.

இதை எழுதும் இந்தக் கிழமைக்கு மூன்று ஓடர். இரண்டு பிங்க் வெனிலா, ஒன்று பெஷன்புரூட். அந்த ஒன்றுக்குப் பத்துப் பழம் வேண்டும், கைக்கு எட்டும் உயரத்தில் ஆறுதான் கிடைத்தது. மிச்சத்துக்குத் தம்பி மதிலில் ஏறி நிற்கிறான். இரண்டு பறித்து ஒன்றைக் கடித்துவிட்டான் என்று உம்மா கீழே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்.