காணாமலே கொண்டாடிய படங்கள்

இலக்கியக் கூட்டங்களிலே நெடுநாளாக ஒரு வழக்கம் இருந்து வருகின்றது. ஒரு புகழ்பெற்ற நூலின் பெயரைப் பேச்சாளர் எடுத்ததும், அதைப் படித்தவரும் தலையசைப்பார், படியாதவரும் தலையசைப்பார். படியாதவரின் தலையசைப்பிலே சற்று வேகம் கூடுதலாக இருக்கும். திரைப்படத்தைப் பற்றிய பேச்சிலும் இதே வழக்கம் வேரூன்றிவிட்டது. நூலையாவது நூலகத்திலே தேடிப் பிடித்து, இரவோடிரவாகப் படித்து மானத்தைக் காத்துக்கொள்ளலாம். படத்துக்கு அந்த வழியும் எளிதிலே கிடைப்பதில்லை.

பிறரைக் குறை கூற நான் வரவில்லை. இக்கட்டுரை என் சொந்தக் குற்றத்திலிருந்தே தொடங்குகின்றது. மன்னாரிலே உயர்தர வகுப்பு மாணவருக்கு ஈழத்துக் கலை வரலாறு பற்றி ஒருநாள் பேசிக்கொண்டிருந்தேன். ‘பொன்மணி’ என்னும் படத்தைப் பற்றிச் சொன்னேன். 1977இல் வெளிவந்தது என்றேன். சிங்கள நெறியாளரான தர்மசேன பத்திராஜ, யாழ்ப்பாணத்திலே விரிவுரையாளராக இருந்த காலத்தின் பயனாக எடுத்த தமிழ்ப் படம் என்றேன். காவலூர் இராசதுரை திரைக்கதை எழுதினார். சீதனமும் சாதியும் ஒரு குடும்பத்தை எப்படி அரித்துத் தின்னுகின்றன என்பதை ஆரவாரமின்றிச் சொன்ன படம் என்றேன். வணிகத்திலே தோற்றுக் கலையிலே வென்றது என்று முத்தாய்ப்பும் வைத்தேன். பின் வாங்கிலிருந்த ஒரு பையன் எழுந்து, “சேர், நீங்கள் அந்தப் படம் பாத்தனீங்களோ?” என்று கேட்டான்.

நான் பார்த்ததில்லை. படித்திருந்தேன், பிறர் பேசக் கேட்டிருந்தேன், அவ்வளவுதான். அன்று உண்மையைச் சொல்லிவிட்டேன். வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கிய பின்பு அதே பையன், “எங்கட பேசாலையிலயும் ஒரு படம் எடுத்தவை எண்டு அப்பம்மா சொல்லுறவ. அதையும் ஒருத்தரும் பாக்கேல்லை” என்றான். முதற் கேள்வி என்னை நாணச் செய்தது. இரண்டாவது கூற்று சிந்திக்கச் செய்தது.

பையன் குறிப்பிட்ட படம் ‘வாடைக்காற்று’. செங்கை ஆழியான் 1973இல் வெளியிட்ட நாவலைத் தழுவி 1978இல் வெளிவந்த படம். கதை நிகழுமிடம் நெடுந்தீவு. வாடைக்காற்று வீசத் தொடங்கும் பருவத்திலே பிற கரைகளிலிருந்து மீனவர் வந்து வாடி அமைக்கின்றனர்; வந்தவருக்கும் இருந்தவருக்குமிடையே காதலும் பகையும் மூளுகின்றன. ஆனால் நெடுந்தீவின் கதைக்குக் கமரா வந்து நின்ற கரை பேசாலைக் கரை. நெறியாண்டவர் பிரேம்நாத் மொராயஸ், இசையமைத்தவர் லத்தீப், நடித்தவருள் கே. ஏ. ஜவாஹர், டாக்டர் இந்திரகுமார், ஆனந்தராணி, கே. எஸ். பாலச்சந்திரன், ஏ. ஈ. மனோகரன் ஆகியோர் இருந்தனர். ஏ. ஈ. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’யை அறியாத தமிழர் உலகில் எங்கேனும் உண்டா? அவர் நடித்த இப்படத்தைப் பார்த்தவரை எண்ணிப் பாருங்கள், வேறுபாடு விளங்கும்.

இரசிகர் பார்க்காத புகழ்பெற்ற படங்களை இரு வகையாகப் பிரிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகின்றது. முதல் வகை, பார்க்க வாய்ப்பிருந்தும் பார்க்காமல் விட்டவை. ‘அந்த நாள்’ இதற்கு நல்ல சான்று. 1954இல் வீணை வித்துவான் எஸ். பாலச்சந்தர் நெறியாள, ஏவிஎம் நிறுவனம் தயாரித்த அப்படத்திலே ஒரு பாட்டும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கொலையுண்ட கதாநாயகனைப் பற்றிப் பலர் பலவாறு சொல்லும் கதைகளினூடே உண்மை வெளிப்படும் அதன் அமைப்பைப் பற்றிக் கேட்டால், பலர் மௌனமாவர். ‘பாட்டில்லாத படம்’ என்ற ஒரு வரித் தகவல் படத்தையே மறைத்துவிட்டது. சத்தியஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யும் (1955) அவ்வாறே. அப்பெயரைச் சொல்வது நல்ல இரசனைக்கு அடையாளமாகிவிட்டது. பார்ப்பது பின்னொரு நாளைக்கு ஒத்திவைக்கப்பட்டுவிட்டது. புகழ் என்பது சில வேளைகளிலே படத்துக்குப் போடப்படும் பூட்டு. பெயரைக் கேட்டதும் பார்த்து முடித்த நிறைவு மனத்திலே உண்டாகிவிடுகின்றது.

இவ்வகையினருக்கு நான் பெரிய தண்டனை எதுவும் விதிக்கமாட்டேன். மனிதனின் ஆயுள் குறைவு, படங்கள் பல. “பார்க்கவில்லை” என்று கூசாமற் சொல்லும் நேர்மை ஒன்றிருந்தாற் போதும். அந்த ஒரு சொல்லே பார்ப்பதற்குரிய முதற்படி.

இரண்டாம் வகைதான் கவலைக்குரியது: பார்க்க விரும்பியவனுக்கும் கைக்கு எட்டாமற் போன படங்கள். ஈழத்துத் தமிழ்ப் படங்களிற் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. மன்னாரைப் பொறுத்தவரை இதற்குக் காரணங்கள் பல. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடல் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கும் வரை அங்கிருந்து இங்கே கப்பல் வந்துகொண்டிருந்தது. தமிழகத்துப் படங்களின் செல்வாக்கும் அதே கடலைத் தாண்டி வந்தது. படம் வந்து சேரா விட்டாலும் வானொலியிலே பாட்டு வந்தது, ஒலிச்சித்திரம் வந்தது, பாட்டுப் புத்தகம் வந்தது. பார்க்காத படத்தின் வசனத்தை மனப்பாடமாக ஒப்புவிக்கும் இரசிகர் ஒரு தலைமுறையாக இங்கே வாழ்ந்தனர். அத்துணை ஆரவாரத்தினிடையே 1962இல் ‘சமுதாயம்’, 1963இல் ‘தோட்டக்காரி’ எனத் தொடங்கிய ஈழத்துத் தமிழ்ப் படம் மெலிந்த குரலிலேதான் பேசிற்று. தயாரித்தவர் கைப்பொருளை இழந்தார். திரையிட்டவர் அடுத்த கிழமையே வேறு படத்துக்கு இடங்கொடுத்தார்.

அதன் பின்பு போர் வந்தது. ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகம் 1983 ஜூலைக் கலவரத்திலே தீக்கிரையானபோது, அங்கே வைக்கப்பட்டிருந்த படச்சுருள்கள் பலவும் எரிந்தன. 1990இல் மன்னாரின் முஸ்லிம் மக்கள் தங்கள் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். தமிழ் மக்களும் மடுவுக்கும் தமிழகத்து முகாம்களுக்குமாகச் சிதறினர். உயிரையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடியவனிடம், பழைய படத்தைப் பார்த்தாயா என்று கேட்பது நகைப்புக்கிடமானது. ஆனால் போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்த பின்பும் நாம் கேட்காமலே இருக்கின்றோமே. அதற்குப் போரைக் காரணங் காட்ட முடியாது.

பேசாலை மக்களுக்கு நாடகத்தின் அருமை தெரியாதது அன்று. உருவங்களை வைத்து நடத்தும் ‘உடக்குப் பாஸ்’ அவ்வூரின் பெருமை. நாட்டுக்கூத்தும் வாசாப்பும் மன்னாரின் கத்தோலிக்க ஊர்களிலே தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்தவை. இங்கேதான் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கூத்தின் ஏடு கரையானுக்கு இரையானாலும், அண்ணாவியாரின் நெஞ்சிலே மெட்டு இருக்கும். ஆடியவரின் காலிலே தாளம் இருக்கும். அடுத்த தலைமுறை அதை மீண்டும் மேடையேற்றலாம். திரைப்படத்துக்கு அண்ணாவியார் இல்லை. சுருள் அழிந்தால் படம் அழிந்தது. அதை எவரும் மறுபடி ஆடிக்காட்ட முடியாது. தமிழின் முதற் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931இல் வெளிவந்தது. இன்று அதன் பிரதி எங்குமில்லை. எவ்வளவு பெரிய இரசிகனும் பார்க்க முடியாத புகழ்பெற்ற படம் அது. நம்முடைய படங்கள் அந்த வரிசையிலே போய்ச் சேர வேண்டுமா?

1978ஆம் ஆண்டை மறுபடியும் எண்ணிப் பார்ப்போம். ‘வாடைக்காற்று’ வெளிவந்த அதே ஆண்டிலே, பத்திராஜவின் ‘பம்பரு ஆவித்’ என்ற சிங்களப் படமும் வெளிவந்தது. அதன் களம் நமக்குத் தெற்கேயுள்ள கற்பிட்டிக் கரை. வெளியூரிலிருந்து ஒருவன் தோழர்களுடன் மீனவக் கிராமத்துக்கு வருகின்றான். கிராமத்தின் தொழிலும் உறவுகளும் குலைகின்றன. வந்தவருக்கும் இருந்தவருக்குமிடையே எழும் பிணக்கு என்னும் ஒரே கருவை, ஒரே மேற்குக் கரையிலே, ஒரே காலத்திலே இரு மொழிகளில் எடுத்திருக்கின்றனர். சிங்கள இரசிகர் ‘வாடைக்காற்றை’ அறியார். தமிழ் இரசிகர் ‘பம்பரு ஆவித்’தைப் பாரார். இவ்விரண்டையும் அடுத்தடுத்த இரவுகளிலே மன்னார்க் கரையிலே திரையிட்டால், எத்தனை சமாதானக் கூட்டங்களுக்கு அஃது ஈடாகும்! 1956இன் ‘ரேகாவ’வும், 1965இல் புதுடில்லி விழாவிலே தங்க மயில் விருது பெற்ற ‘கம்பெரலிய’வும் நம்மிடையே பெயரளவிலேயே நிற்கின்றன. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் என்ற பெயரை வினாத்தாளுக்காக மனனஞ் செய்கின்றோம், படத்தைப் பார்ப்பதில்லை.

அதே 1978இல் சுமித்ரா பீரிஸ் எடுத்த ‘கெஹெனு லமய்’ புதுப்பிக்கப்பட்டு, 2025இல் கான் விழாவிலே பழைய செவ்விய படங்களின் பிரிவிலே காட்டப்பட்டது. அது குறித்து எனக்குப் பொறாமை இல்லை, மகிழ்ச்சியே. ஒரு படத்தை எவரேனும் விடாது கேட்டுக்கொண்டிருந்தால் அது மீளும் என்பதற்கு அது சான்று. ‘வாடைக்காற்றை’யும் ‘பொன்மணி’யையும் விடாது கேட்க வேண்டியவர் யார்? நாம் அல்லவா?

மறுப்பு எழும் என்பதை அறிவேன். “அப்படங்களிலே தொழில்நுட்பக் குறைகள் மலிந்திருக்குமே, ஊர்ப்பற்றுக்காகவா பார்க்கச் சொல்கின்றீர்?” என்று சிலர் கேட்பர். குறைகள் இருக்கலாம். சிறு முதலோடு, பழக்கப்படாத கலைஞரைக் கொண்டு எடுத்த படங்கள் அவை. ஆனால் குறை இதுவெனச் சொல்வதற்கும் பார்த்தாக வேண்டுமன்றோ? பார்க்காமல் இகழ்வதும் பார்க்காமல் புகழ்வதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். ஈழத்தவரின் துயரைச் சொன்ன ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) மாங்குளத்தைக் கதைக்களமாகக் கொண்டும் இந்திய மண்ணிலே படமாக்கப்பட்டது. அதை நாம் கண்ணீரோடு பார்த்தோம். அயலார் கற்பனை செய்த நம் மண்ணைப் பார்க்கத் துடித்த நாம், நம் மண்ணிலேயே எடுத்த படத்தைத் தேடவில்லை. இது ஊர்ப்பற்றைப் பற்றிய கேள்வி மட்டுமன்று; நம்மை நாமே பார்த்துக்கொள்ளும் துணிவு நமக்கு உண்டா என்ற கேள்வியும் ஆகும்.

“இணையத்திலே தேடினால் எல்லாம் கிடைக்குமே” என்பது இன்னொரு மறுப்பு. கிடைப்பது வேறு, காணப்படுவது வேறு. கைப்பேசியின் சிறு சதுரத்திலே தனியே இருந்து, பாதியிலே தள்ளிவிட்டுப் போவது படம் பார்த்தல் ஆகாது. ஊர் கூடிப் பார்க்கும்போதுதான், “அந்தா, அது எங்கட வாடி” என்று ஒரு கிழவி கூவுவாள். படத்திலே இல்லாத கதைகள் அப்போது பிறக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. மன்னாரின் பாடசாலைகளும் பங்கு மண்டபங்களும் வாசகர் வட்டங்களும் மாதம் ஒரு மாலையை இதற்கென ஒதுக்கட்டும். ‘வாடைக்காற்றின்’ நல்ல பிரதியொன்றை வைத்திருப்போரை அணுகி, முதற் காட்சியைப் பேசாலையிலேயே நடத்தட்டும். படப்பிடிப்பைக் கண்ட முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அன்று கரையிலே ஓடித் திரிந்த சிறுவர் இன்று அறுபதை நெருங்குகின்றனர், சிலர் கடந்தும் விட்டனர். அவர்களின் நினைவுகளை மாணவர் இப்போதே எழுதி வைக்கட்டும். சுருளைப் போலவே நினைவும் நெடுநாள் தாங்காது.

நானும் ஒரு விரதம் பூண்டிருக்கின்றேன். ‘பொன்மணி’யை முழுமையாகப் பார்க்கும் வரை அதைப் பற்றி வகுப்பிலே பேசுவதில்லை. பார்த்த பின்பு அந்தப் பையனைத் தேடிப் பிடித்து, “ஓம் தம்பி, பாத்தனான்” என்று சொல்ல வேண்டும். அவனும் அப்போது, தன் அப்பம்மாவோடிருந்து ‘வாடைக்காற்று’ பார்த்த கதையை எனக்குச் சொல்வானாயின், ஆசிரியத் தொழிலிலே அதைவிடப் பெரிய ஊதியம் எனக்கு வேண்டியதில்லை.