பட்டியலுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள்

"இந்த வருடம் யார் யார் வருகிறார்கள்?" சவூதியில் குடும்பத்தோடு வாழும் நம் மக்களின் வீடுகளில் இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் ஒரே பொருள்தான் இருந்தது. ஊரிலிருந்து உம்ராவுக்கு வரப்போகும் உறவினர்கள் யார், அவர்களை எங்கே தங்க வைப்பது என்பதே அதன் பொருள். இன்று அதே கேள்வியைக் கல்லூரி வயதுப் பிள்ளைகள் கேட்கும்போது, அவர்கள் பேசுவது ரியாத்தின் வடக்கே பன்பான் பகுதியில் ஒவ்வொரு டிசம்பரிலும் நடக்கும் 'சவுண்ட்ஸ்டார்ம்' இசைத் திருவிழாவைப் பற்றி. அதில் மேடையேறப் போகும் கலைஞர்களின் பட்டியல் வெளியாகும் நாளை எதிர்பார்த்து அவர்களின் கைப்பேசிகள் பல மாதங்களாக விழித்திருக்கின்றன.

இத்திருவிழா 2019 டிசம்பரில் மூன்று நாள் நிகழ்வாகத் தொடங்கியது. அடிப்படையில் இது மின்னணு இசைக்கான விழா. டேவிட் கெட்டா, டியஸ்டோ, மார்ட்டின் கேரிக்ஸ் போன்று உலகப் புகழ்பெற்ற டிஜேக்கள் தொடக்க ஆண்டுகளிலேயே அங்கு வந்தனர். 2021இல் நான்கு நாள்களில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்ததாக ஏற்பாட்டாளர்கள் அறிவித்தனர். பிறகு பட்டியல் விரிந்தது. 2023இல் மெட்டாலிகா என்ற ராக் இசைக்குழுவும், 2024இல் ராப் பாடகர் எமினெமும் அதே பாலைவன மேடையில் தோன்றினர். 'இவர் வருவாரா' என்று ஊகிப்பதற்கு எல்லையே இல்லை என்றாகிவிட்டது.

இந்த எதிர்பார்ப்பைக் குறித்து நம் சமுதாயத்தில் இரண்டு விதமான பேச்சுகளைக் கேட்கிறோம். "புனித மண்ணிலா இப்படி?" என்று அதிர்ந்து, அத்துடன் பேச்சை முடித்துக்கொள்வது ஒன்று. "காலம் மாறிவிட்டது, பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கட்டும்" என்று நகர்ந்துவிடுவது மற்றொன்று. இவ்விரண்டுமே பிள்ளையின் மனத்தில் உள்ள உண்மையான கேள்வியைத் தொடுவதில்லை. அந்தக் கேள்வி இதுதான்: "மக்காவும் மதீனாவும் இருக்கிற நாடே அனுமதித்திருக்கும்போது, நீங்கள் ஏன் கூடாது என்கிறீர்கள்?"

இக்கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

அரசாணையும் மார்க்கமும்

சவூதியில் நிகழ்ந்த மாற்றத்தின் காலவரிசையை முதலில் நினைவுகூர்வோம். 2016 ஏப்ரலில் 'விஷன் 2030' என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டது. எண்ணெய் வருவாயை மட்டும் நம்பியிராத பொருளாதாரத்தை உருவாக்குவது அதன் நோக்கம். குடும்பங்கள் பொழுதுபோக்குக்கும் பண்பாட்டு நிகழ்வுகளுக்கும் உள்நாட்டில் செலவிடும் பங்கை 2.9 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாக உயர்த்துவது அதன் இலக்குகளுள் ஒன்று. அதே மாதத்தில் மார்க்கக் காவலர்களின் கைது செய்யும் அதிகாரம் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் பொழுதுபோக்குக்கென்றே தனி ஆணையம் ஏற்பட்டது. 2018இல் திரையரங்குகள் மீண்டும் திறந்தன. 2019இல் இந்த இசைத் திருவிழா வந்தது. 2022ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சவூதிக் குடிமக்களில் 63 விழுக்காட்டினர் 30 வயதுக்கு உட்பட்டவர்கள். இத்தனை பெரிய இளைஞர் கூட்டம், தன் பணத்தைத் துபாயிலும் ஐரோப்பாவிலும் செலவழிக்காமல் சொந்த நாட்டிலேயே செலவழிக்க வேண்டும் என்று ஓர் அரசு கணக்குப் போடுகிறது. அது பொருளாதார முடிவு, ஆட்சியாளர்களின் முடிவு. அதை ஃபத்வாவாகப் படிக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

இதில் மறுபக்கமும் உண்டு. 2016க்கு முன்னர் அங்கே இருந்த தடைகளும் ஓர் அரசின் ஆணைகளாகவே நடைமுறையில் இருந்தன. ஆனால் நம் ஊர்களில் பல வீடுகளில், "சவூதியிலேயே சினிமாக் கொட்டகை கிடையாது" என்பதுதான் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட முதல் ஆதாரமாகவும் கடைசி ஆதாரமாகவும் இருந்தது. ஆதாரத்தை ஒரு நாட்டின் சட்டத்தில் மாட்டி வைத்தால், அந்தச் சட்டம் மாறும் நாளில் ஆதாரமும் கழன்று விழும். இன்று விழுந்திருக்கிறது. "அப்போது கூடாது, இப்போது கூடுமா?" என்று பிள்ளை கேட்கும்போது தகப்பனார் பதிலின்றி நிற்பது இதனால்தான்.

நம் மார்க்கத்தின் ஆதாரம் குர்ஆனும் நபி (ஸல்) அவர்களின் வழிமுறையும் ஆகும். அவற்றை விளக்கிய இமாம்களின் உழைப்பு நமக்கு வழிகாட்டி. எந்த அரசு அனுமதித்தாலும் தடுத்தாலும் இந்த ஆதாரம் இருந்த இடத்திலேயே இருக்கும். பிள்ளைகளுக்கு நாம் முதலில் கற்பிக்க வேண்டியது இதைத்தான்.

இமாம் கஸ்ஸாலி வைத்த ஐந்து சோதனைகள்

இசை பற்றி உலமாக்களிடையே நெடுங்காலமாக விவாதம் நடந்து வந்திருக்கிறது. நான்கு மத்ஹபுகளைச் சேர்ந்த பெரும்பான்மை அறிஞர்கள் இசைக்கருவிகளில் பெரும்பாலானவற்றை அனுமதிக்கவில்லை. பெருநாளிலும் திருமணத்திலும் தஃப் அடிப்பதற்கு இடம் உண்டு என்பதற்கு நபிமொழிகள் இருக்கின்றன. அந்தலூசியாவின் இப்னு ஹஸ்ம் போன்ற சிலர், தடைக்குக் காட்டப்படும் அறிவிப்புகளின் வலிமையைக் கேள்விக்கு உட்படுத்தினர். இவ்விவாதம் இருப்பதைப் பிள்ளைகளிடம் மறைக்கத் தேவையில்லை. மறைத்தாலும் இணையத்தில் ஒரு நிமிடத்தில் அவர்கள் கண்டுகொள்வார்கள்.

ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் சேர்ந்து வாழும் நம் தமிழ்ச் சமுதாயத்தில் எல்லோரும் மதிக்கும் பெயர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). ஹிஜ்ரி 505இல் மறைந்த அவர்கள், 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் செவியேற்றலுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். இனிய ஓசையைக் கேட்பது தன்னளவில் குற்றமாகாது என்று வாதிடும் அவர்கள், எந்தக் காரணங்களால் அது தடுக்கப்பட்டதாக மாறும் என்பதையும் ஐந்தாக வகைப்படுத்துகிறார்கள். பாடுபவர் யார் என்பதும் அதனால் சபலம் எழுமா என்பதும் முதலாவது. கருவி எத்தகையது, அது மது அருந்துவோரின் அடையாளமா என்பது இரண்டாவது. பாடலின் பொருள் என்ன என்பது மூன்றாவது. கேட்பவரின் மனநிலை, குறிப்பாக இளமையின் இச்சை, நான்காவது. மேற்கண்ட எதுவும் இல்லாத சாதாரண மனிதராக இருந்தாலும், அவர் இதையே வழக்கமாக்கி, தம் நேரத்தின் பெரும்பகுதியை இதற்கே கொடுத்துவிடுவது ஐந்தாவது.

முதல் நான்கும் நம் ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி பேசப்படுபவை. அவை முக்கியமானவையே. ஆயிரக்கணக்கானோர் இருட்டில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டம் எத்தகையது என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும். கூட்டத்தில் தொல்லை தருவதற்கு எதிராக ஏற்பாட்டாளர்களே தனிப் பிரசாரம் நடத்துகிறார்கள் என்றால், அந்தக் கவலைக்கு அடிப்படை இருக்கிறது என்றுதானே பொருள்?

ஆயினும் இன்று நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது ஐந்தாவது சோதனை. ஏனெனில் அது விழாவுக்குப் போகாத பிள்ளைக்கும் பொருந்தும். ராமநாதபுரத்திலும் காயல்பட்டினத்திலும் இருந்துகொண்டு ரியாத்தின் பட்டியலுக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கும் பொருந்தும்.

காத்திருப்பே சரக்கு

இத்தகைய விழாக்களின் பட்டியல் எப்படி வெளியிடப்படுகிறது என்று சற்றுக் கவனியுங்கள். எல்லாப் பெயர்களையும் ஒரே நாளில் சொல்லிவிடுவதில்லை. முதலில் தேதி மட்டும் வரும். பிறகு ஒரு நிழலுருவம், ஒரு புதிர், சில நொடிக் காணொளி. அடுத்து முதல் கட்டப் பெயர்கள். சில வாரங்கள் கழித்து இரண்டாம் கட்டம். அனைத்தும் தெரிவதற்கு முன்பே நுழைவுச்சீட்டு விற்பனை தொடங்கிவிடும். முந்திக்கொண்டால் விலை குறைவு, பிந்தினால் விலை அதிகம். இதற்கிடையில் ரசிகர்கள் கலைஞர்களின் பயண அட்டவணையில் டிசம்பரில் எந்த நாள் காலியாக இருக்கிறது என்று தேடி, ஊகப் பட்டியல்களைத் தாங்களே தயாரித்து வாதிடுவார்கள். அந்த வாதமெல்லாம் விழாவுக்குச் செலவில்லாத விளம்பரம்.

சுவரொட்டியும் அப்படித்தான். பெரிய பெயர் மேலே பெரிய எழுத்தில் இருக்கும். கீழே போகப் போக எழுத்து சிறுத்து, கடைசி வரிகளை உருப்பெருக்கிதான் படிக்கும். யார் எந்த வரியில் என்பதே ஒரு வாரச் சர்ச்சைக்குப் போதும்.

விழா மூன்று நாள். காத்திருப்போ பல மாதங்கள். உண்மையில் விற்கப்படும் சரக்கு இந்தக் காத்திருப்புதான். இமாம் கஸ்ஸாலி அவர்கள் நேரத்தைப் பற்றி எச்சரித்தபோது கைப்பேசி இல்லை. மனித மனம் மட்டும் இதே மனம்தான். காலத்தின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் குர்ஆன் அத்தியாயத்தை நம் பிள்ளைகள் மனனமாக ஓதுகிறார்கள். தங்கள் காலத்தை யார் எப்படி வாங்குகிறார்கள் என்பதை நாம் அவர்களுக்கு எடுத்துக் காட்டினால், அந்த அத்தியாயத்தின் பொருள் இன்னும் அருகில் வரும்.

எதிர்பார்ப்பு என்ற உணர்வு நம் வாழ்வுக்கு அந்நியமானதன்று. ஷஅபான் மாதம் 29ஆம் நாள் மஃரிப் வேளையில் மொட்டை மாடிகளில் ஏறி மேற்கு வானத்தைப் பார்க்கிறோம். "பிறை தெரிந்ததா?" என்று ஊரே ஊருக்குப் போன் செய்கிறது. அந்தக் காத்திருப்பில் முந்தியவருக்குத் தள்ளுபடி இல்லை. செல்வந்தருக்கு முன்வரிசை இல்லை. செய்தி வந்ததும் காத்திருந்தவர் எழுந்து தராவீஹுக்குப் போகிறார். ஒரு காத்திருப்பு முடிந்தபின் நம்மை எங்கே கொண்டு போய் நிறுத்துகிறது என்பதே அதை எடைபோடும் வழி.

வீட்டில் செய்யக்கூடியவை

பிள்ளை பட்டியலைப் பற்றிப் பேசும்போது கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். இசையா, நண்பர்களா, தனித்து விடப்படுவோம் என்ற அச்சமா, எது அவனை ஈர்க்கிறது என்பது அப்போதுதான் தெரியும். நண்பர்கள் அனைவரும் போகும் இடத்துக்குத் தான் மட்டும் போகாமல் இருப்பது பதினெட்டு வயதில் பெரிய தியாகம். அதைத் தியாகமாக மதித்துப் பேசும் பெற்றோரின் சொல்லுக்கு எடை கூடும்.

அடுத்து, அந்த ஐந்து சோதனைகளையும் அவனிடமே கொடுங்கள். பாடுபவர், கருவி, பொருள், தன் மனம், தன் நேரம் என்று அவனே கணக்கிடட்டும். இரவு முழுவதும் நீளும் நிகழ்ச்சிக்குப் பிறகு ஃபஜ்ர் என்னவாகும் என்று அவனே சொல்லட்டும். நுழைவுச்சீட்டுக்கான தொகையைச் சம்பாதிக்க அவனுடைய தந்தை எத்தனை நாள் வெயிலில் நிற்கிறார் என்பதையும் அவனே வகுத்துப் பார்க்கட்டும். ஐயமிருந்தால் ஊரின் ஆலிமிடம் அவனையே கேட்க அனுப்புங்கள். தானே கேட்டுப் பெற்ற பதில் நெஞ்சில் நிற்கும்.

மூன்றாவதாக, அவன் எதிர்பார்க்கத்தக்க ஒன்றை வீட்டிலும் மஹல்லாவிலும் உண்டாக்குங்கள். அதே டிசம்பர் விடுமுறையில் ரியாத்திலிருந்து சாலைவழியே எண்ணூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணித்துக் குடும்பமாக உம்ரா செய்யலாம். வழி எது, எங்கே தங்குவது, யாரைச் சேர்த்துக்கொள்வது என்ற திட்டத்தைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்தால், அந்தப் பயணத்தின் பட்டியலை அவர்களே தயாரிப்பார்கள்.

வரும் ஆண்டின் பட்டியலில் யார் பெயர் முதல் வரியில் இருக்கும் என்பது நம் கையில் இல்லை. நம் பிள்ளையின் நாளில் எது முதல் வரியில் இருக்க வேண்டும் என்பதை அவனோடு பேசித் தீர்மானிக்கும் வாய்ப்பு இன்னும் நம் கையில் இருக்கிறது. வல்ல ரஹ்மான் நம் நேரத்திலும் நம் சந்ததியிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.