சிறிய விமானங்களில் தொடுதிரைகள்: பழுதானால் விமானிக்கு மாற்று வழி என்ன?

வட்ட முகப்புகளும் முட்களும் நிறைந்திருந்த சிறிய விமானங்களின் கருவிப் பலகை, கடந்த இருபது ஆண்டுகளில் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டது. உயரம், வேகம், திசை, எரிபொருள் இருப்பு, வழித்தட வரைபடம் ஆகிய அனைத்தும் இன்று ஓரிரு மின்னணுத் திரைகளில் தோன்றுகின்றன. 2011 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்மின் நிறுவனம் சிறிய விமானங்களுக்கான தொடுதிரை வழிகாட்டிக் கருவிகளை அறிமுகப்படுத்திய பின்னர், திரையை விரலால் தொட்டு இயக்கும் முறையும் பரவலாகியுள்ளது.

இதனால் விமானிகளுக்குக் கிடைத்துள்ள வசதிகள் ஏராளம். ஆனால் நடுவானில் அந்தத் திரை இருண்டு போனால், அல்லது விரலின் தொடுகைக்குப் பணிய மறுத்தால், துணை விமானி எவருமின்றித் தனியாகப் பறப்பவர் என்ன செய்வார் என்ற கேள்வியும் கூடவே எழுந்துள்ளது.

ஒரே பரப்பில் இரண்டு பணிகள்

பழைய விமானத்தில் உயரமானி பழுதானால் வேகமானி தொடர்ந்து இயங்கும். வானொலியின் அலைவரிசையை மாற்றும் குமிழும் தன் இடத்தில் இருக்கும். தொடுதிரையிலோ, தகவலைக் காட்டும் பரப்பும் கட்டளையைப் பெறும் பரப்பும் ஒன்றே. அது உறைந்துவிட்டால் பார்ப்பதும் இயக்குவதும் ஒருசேரத் தடைப்படக்கூடும்.

இத்தகைய சிக்கல்கள் எல்லாமே கருவியின் பழுதால் வருபவை அல்ல. சிலவகைத் திரைகள் விரலின் மின் தன்மையை உணர்ந்து இயங்குபவை. தடித்த கையுறை அணிந்த விரலை அவை உணராமல் போகலாம். வேறு சில, திரைக்கு மேல் அகச்சிவப்புக் கதிர்களைப் பாய்ச்சி, விரல் அவற்றை மறிக்கும் இடத்தைக் கணிக்கின்றன. விளிம்பில் படிந்த அழுக்கு கூட அவற்றைக் குழப்பக்கூடும்.

வெப்பம் மற்றொரு காரணம். விமானிகள் பலர் வரைபடங்களுக்காக உடன் எடுத்துச் செல்லும் ஐபேட் கணினி, 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் பயன்படுத்துவதற்கென வடிவமைக்கப்பட்டது. நண்பகல் வெயில் நேராக விழும் கண்ணாடிக் கூரையின் கீழ் அந்த வரம்பு எளிதில் மீறப்படும். அப்போது திரை மங்கும்; பின்னர் தானாகவே செயலிழக்கும்.

தரையில் இருக்கும்போது இவற்றுக்குத் தீர்வு காண்பது கடினமல்ல. திரையின் ஒளி அளவு, குளிரூட்டும் விசிறி, மின் இணைப்பு, மென்பொருளின் பதிப்பு ஆகியவற்றைச் சரிபார்க்கலாம். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்கள் கண்கூசாமல் தடுக்கும் மேற்பூச்சை அரித்துவிடும் என்பதால், அவற்றைத் தவிர்த்து மென்மையான துணியால் துடைக்கலாம்.

கவனம் சிதறும் ஆபத்து

வானிலோ நிலைமை வேறு. பழுது எது என்று தேடுவதிலேயே விமானி மூழ்கிவிடுவது, அந்தப் பழுதைவிடப் பெரிய ஆபத்தாக முடியலாம். 1972 டிசம்பர் 29 அன்று ஈஸ்டர்ன் நிறுவனத்தின் 401 ஆம் இலக்க விமானத்தில், சக்கரம் இறங்கியதைக் காட்டும் சிறு விளக்கு எரியவில்லை. விமானி அறையில் இருந்தவர்கள் அதை ஆராய்ந்துகொண்டிருந்த வேளையில், விமானம் தாழ்ந்து வந்ததை எவரும் கவனிக்கவில்லை. ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத்தில் அது விழுந்ததில் 101 பேர் உயிரிழந்தனர்.

அது பெரிய பயணிகள் விமானம். கவனத்தைப் பகிர்ந்துகொள்ள அதில் பலர் இருந்தனர். சிறிய விமானத்தில் பெரும்பாலும் ஒருவரே இருக்கிறார். முதலில் விமானத்தைச் சீராகப் பறக்கச் செய்வது, பிறகு போகும் திசையை உறுதிசெய்வது, அதன் பின்னரே பழுதைப் பார்ப்பது என்று விமானிகளுக்குக் கற்பிக்கப்படும் வரிசை இங்கு மேலும் முக்கியத்துவம் பெறுகிறது.

காற்றுக் கொந்தளிப்பில் விமானம் குலுங்கும்போது இந்த வரிசையைக் கடைப்பிடிப்பது எளிதல்ல. குமிழைக் கண்ணால் பாராமலே கை தேடிப் பிடித்துவிடும். வழவழப்பான திரையில் சரியான இடத்தைத் தொட, கண்களும் அங்கேயே இருக்க வேண்டும்.

ஆய்வு காட்டியது

2002 முதல் 2006 வரை தயாரிக்கப்பட்ட 8,000-க்கும் மேற்பட்ட சிறிய விமானங்களை ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 2010 ஆம் ஆண்டில் தன் முடிவுகளை வெளியிட்டது. மின்னணுத் திரை பொருத்திய விமானங்கள் ஒப்பீட்டளவில் குறைவான விபத்துகளைச் சந்தித்திருந்தன. ஆனால் உயிரிழப்பில் முடிந்த விபத்துகளின் விகிதம் அவற்றிலேயே அதிகமாக இருந்தது.

அந்த ஆண்டுகளின் திரைகள் பொத்தான்களாலும் குமிழ்களாலும் இயங்கியவை என்பதும், அவ்விமானங்கள் நீண்ட பயணங்களுக்கு அதிகம் பயன்பட்டன என்பதும் கருதத்தக்கவை. எனினும், திரைகள் எவ்வாறெல்லாம் பழுதாகும் என்பதை விமானிகள் அறியவும், அந்தப் பழுதுகளைப் பாவனைக் கருவிகளில் பழகவும் வகைசெய்ய வேண்டும் என்ற வாரியத்தின் பரிந்துரை, தொடுதிரைகளுக்கும் பொருந்துவதே. முன்பு பயிற்சியாளர் ஒரு முகப்பைக் காகிதத்தால் மறைத்துவிட்டு, அது இல்லாமல் பறக்கச் சொல்வார். அனைத்தும் ஒரே திரையில் இருக்கும்போது அப்படிப் பழக்குவது எளிதல்ல.

கடலில் கற்ற பாடம்

கட்டுப்பாடுகளைத் தொடுதிரைக்கு மாற்றுவதில் உள்ள சிக்கலைக் கடற்படையினரும் அனுபவித்துள்ளனர். 2017 ஆகஸ்ட் 21 அன்று சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பலான ஜான் எஸ். மெக்கெய்ன், எண்ணெய்க் கப்பல் ஒன்றுடன் மோதியதில் 10 மாலுமிகள் இறந்தனர். தொடுதிரையில் கட்டுப்பாட்டை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு மாற்றியபோது நேர்ந்த குழப்பமும், போதிய பயிற்சியின்மையும் விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்டன. இதன் பின்னர், தன் நாசகாரிக் கப்பல்களில் வேகத்தைக் கட்டுப்படுத்தக் கையால் இயக்கும் நெம்புகோல்களையே மீண்டும் பொருத்தப்போவதாக 2019 இல் அமெரிக்கக் கடற்படை அறிவித்தது.

சிறிய விமானங்களின் தயாரிப்பாளர்கள் சிலர் தொடுதிரையின் ஓரத்தில் குமிழ்களையும் வைத்திருப்பது இதே கவலையின் வெளிப்பாடுதான். ஆனால் ஒவ்வொரு குமிழும் செலவைக் கூட்டுகிறது; திரையை மட்டும் வைத்து மற்றதை மென்பொருளிடம் விடுவது மலிவானது. அந்தச் சிக்கனத்துக்கு எல்லை வகுக்க வேண்டிய பொறுப்பு ஒழுங்குமுறை அமைப்புகளுக்கு உண்டு. தனி மின்கலத்தில் இயங்கும் மாற்றுக் கருவி ஒன்றும், கையால் தொட்டே உணரக்கூடிய சில கட்டுப்பாடுகளும் எஞ்சியிருந்தால், திரை இருண்ட பிறகும் விமானியால் பாதுகாப்பாகத் தரையிறங்க முடியும்.