மைக்ரோசர்வீஸ்: விரலுக்கேற்ற வீக்கம்

2023ஆம் ஆண்டு அமேசான் பிரைம் வீடியோவின் பொறியாளர்கள் ஒரு தகவலை வெளியிட்டார்கள். படமும் ஒலியும் தரமாகப் போய்ச் சேர்கின்றனவா என்று கண்காணிக்கும் ஒரு கருவியைப் பல துண்டுச் சேவைகளாகக் கட்டியிருந்தோம், அவற்றை ஒரே நிரலாகச் சேர்த்ததும் செலவு 90 சதவீதம் குறைந்தது என்றார்கள். உடனே 'மைக்ரோசர்வீஸ் காலம் முடிந்தது' என்று பலர் முழங்கினார்கள். மாறியது ஒரு கருவிதான், முழு பிரைம் வீடியோவும் அல்ல என்பதை அந்தச் சத்தத்தில் பலர் கவனிக்கவில்லை. மைக்ரோசர்வீஸ் முறை எதைத் தருகிறது, அதற்கு என்ன விலை கேட்கிறது என்பதை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

ஓர் இணையக் கடையை எடுத்துக்கொள்வோம். பொருள் பட்டியல், ஆர்டர், பணம், இருப்பு, டெலிவரி எல்லாம் ஒரே நிரலுக்குள், ஒரே டேட்டாபேஸோடு இயங்கினால் அது மோனோலித். அதே வேலைகளைத் தனித்தனி நிரல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி டேட்டாபேஸ் கொடுத்து, நெட்வொர்க் வழியாக ஒன்றோடொன்று பேசவிட்டால் மைக்ரோசர்வீஸ். ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபௌலரும் 2014இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் பரவலானது. ஆனால் பெரிய நிறுவனங்கள் அதற்கு முன்பே இந்த வழிக்கு வந்துவிட்டன.

நெட்ஃபிளிக்ஸ் வந்தது அடிபட்டுத்தான். 2008 ஆகஸ்டில் அதன் டேட்டாபேஸ் பழுதானது. வாடிக்கையாளர்களுக்கு மூன்று நாட்கள் டிவிடி அனுப்ப முடியவில்லை. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் கட்டிவைத்ததன் ஆபத்து அப்போது புரிந்தது. பெரிய நிரலை நூற்றுக்கணக்கான சிறு சேவைகளாக உடைத்து, கிளவுடுக்கு மாறத் தொடங்கினார்கள். அந்த மாற்றம் 2016 ஜனவரியில்தான் முழுமையடைந்தது. இப்படிப் பிரித்துக் கட்டும்போது, 'உங்களுக்குப் பிடிக்கக்கூடிய படங்கள்' என்று பரிந்துரைக்கும் சேவை படுத்துவிட்டாலும் படம் ஓடிக்கொண்டிருக்கும்படி அமைக்க முடியும். கூட்டம் அலைமோதும் சேவைக்கு மட்டும் கூடுதல் சர்வர் கொடுக்கவும் முடியும்.

இவற்றைவிடப் பெரிய நன்மை மனிதர்கள் பக்கம் இருக்கிறது. ஒரு நிறுவனம் கட்டும் அமைப்பு, அந்த நிறுவனத்துக்குள் ஆட்கள் பேசிக்கொள்ளும் விதத்தையே ஒத்திருக்கும் என்று 1968இல் மெல்வின் கான்வே எழுதினார். நூற்றுக்கணக்கானோர் ஒரே நிரலில் கை வைத்தால், பணம் செலுத்தும் பகுதியில் ஒரு வரி மாற்றியவர் மற்ற எல்லாருடைய சோதனையும் முடியும்வரை காத்திருக்க வேண்டும். சேவைகள் பிரிந்திருந்தால் ஒவ்வொரு டீமும் தன் வேலையைத் தன் வேகத்தில் வெளியிடலாம். மைக்ரோசர்வீஸ் தீர்த்து வைப்பது முதன்மையாக இந்த நெரிசலைத்தான்.

இனி விலை. அதே கடையில் ஒருவர் ஆர்டர் போடுகிறார். மோனோலித்தில் பணம் பதிவாவதும் இருப்பில் ஒன்று குறைவதும் ஒரே டேட்டாபேஸ் பரிவர்த்தனை. நடுவில் ஏதாவது தவறினால் இரண்டும் தானாகவே ரத்தாகிவிடும். மைக்ரோசர்வீஸில் ஆர்டர் சேவை, பணச் சேவையைக் கூப்பிடுகிறது. சில விநாடிகள் காத்தும் பதில் இல்லை. பணம் எடுக்கப்பட்டதா, இல்லையா? மறுபடி கூப்பிட்டால் இருமுறை பிடித்தம் ஆகலாம். விட்டுவிட்டால் பணம் போய்ப் பொருள் வராமல் போகலாம். அதனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் மீண்டும் பிடிக்காதே என்று எழுத வேண்டும். பணம் எடுத்த பிறகு சரக்கு இல்லையென்று தெரிந்தால், திருப்பிக் கொடுக்கும் வேலையையும் நாமே நிரலாக எழுத வேண்டும். டேட்டாபேஸ் சும்மா செய்துகொடுத்த காரியம் இப்போது நம் தலையில்.

கணக்கும் இரக்கம் காட்டுவதில்லை. ஒரு சேவை 99.9 சதவீத நேரம் இயங்குகிறது என்றால் மாதத்துக்குச் சுமார் 43 நிமிடம்தான் முடங்கும். ஆனால் ஓர் ஆர்டர் நிறைவேற இப்படிப் பத்துச் சேவைகள் அடுத்தடுத்துப் பதில் சொல்லியாக வேண்டும் என்றால், மொத்தம் 99 சதவீதமாகக் குறைந்து, முடக்கம் மாதத்துக்கு ஏழு மணி நேரத்தைத் தாண்டிவிடும். பிழையைத் தேடுவதும் கடினம். ஒரே லாகில் பார்த்ததைப் பத்து லாகுகளில் கோத்துப் பார்க்க வேண்டும். பிரைம் வீடியோ கருவியின் செலவு ஏறியதற்கும் சேவைகளுக்கு இடையிலான போக்குவரத்து ஒரு முக்கியக் காரணம். வீடியோவிலிருந்து எடுத்த காட்சிகளைச் சேமிப்பகத்தில் வைப்பதும் அங்கிருந்து அடுத்த சேவை எடுப்பதுமாகக் காசு கரைந்தது. செக்மென்ட் நிறுவனமும் 140க்கு மேல் பெருகிய சேவைகளைப் பராமரிக்க முடியாமல் ஒன்றாகச் சேர்த்த கதையை 2018இல் வெளிப்படையாகச் சொன்னது.

எல்லாவற்றிலும் மோசமானது அரைகுறைப் பிரிவு. சேவைகள் பெயருக்குத் தனி, ஆனால் டேட்டாபேஸ் ஒன்று. ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் சேர்த்தே வெளியிட வேண்டும். பிரித்ததன் சுமை முழுக்க வந்து சேரும், பலன் மட்டும் வராது.

ஆகவே ஒரே நிரலாகத் தொடங்குங்கள், ஆனால் உள்ளே எல்லைகளைக் கறாராக வையுங்கள். இருப்புப் பகுதியின் டேபிளைப் பணப் பகுதி நேரடியாகத் தொடக் கூடாது. மோனோலித்தில் தொடங்குவதே நல்லது என்று ஃபௌலரே 2015இல் எழுதினார். இணையக் கடைகளுக்கான தளமான ஷாப்பிஃபை தன் பெரிய நிரலை உடைக்காமல் இப்படி உள்ளுக்குள் பகுத்தே வளர்ந்திருக்கிறது. ஒரு பகுதிக்கு மட்டும் சுமை பல மடங்கு ஏறும்போதோ, டீம்கள் ஒன்றுக்காக ஒன்று காத்துக் கிடக்கும்போதோ அந்தப் பகுதியை மட்டும் பிரித்தெடுங்கள். உள்ளே எல்லை தெளிவாக இருந்தால் அன்றைக்குப் பிரிப்பது எளிது.

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும். ஐந்து பேர் உள்ள டீம் முப்பது சேவைகளைக் கட்டி மேய்க்கத் தேவையில்லை. நெட்ஃபிளிக்ஸின் வடிவத்தை நகலெடுக்கும் முன், நெட்ஃபிளிக்ஸின் பிரச்சினை நமக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், நன்றாக எழுதிய ஒரே நிரலே போதும்.