நகையில் படக்கூடாது, முகத்தில் படலாமா?



பள்ளிக்கூட லீவு வந்தால் ஊரில் கல்யாண சீசனும் வந்துவிடும். ஹோல் புக் பண்ணியாச்சு, போட்டோகிராபருக்கு எட்வான்ஸ் கொடுத்தாச்சு. அடுத்த வேலை என்ன? மணப்பெண்ணின் முகத்தை போட்டோவுக்கு "ரெடி" பண்ணுவது. அதற்கு வீட்டுக்கு வருவது பெயர் தெரியாத ஒரு சின்ன டப்பா. பென்சிக் கடையிலிருந்து வரும், வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வரும், வெளிநாட்டிலிருந்து வந்த சாச்சியின் பேக்கிலிருந்தும் வரும். "ஒரு கிழமை பூசு புள்ள, பால் மாதிரி வந்துடுவ."

பெண் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஆசிரியர்கள் என்ற வகையில் இதைப் பற்றிக் கொஞ்சம் காரமாகவே பேச வேண்டியிருக்கிறது. கோபம் வந்தால் முழுதாக வாசித்துவிட்டுக் கோபியுங்கள்.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஒரு வெப்பமானி உடைந்தால் நாங்கள் என்ன செய்கிறோம்? பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, "கையால் தொடாதீங்க" என்று சத்தம் போடுகிறோம். உள்ளே இருப்பது இரசம், அதாவது பாதரசம். வெளுப்பாக்கும் கிரீம்கள் பலவற்றில் இருப்பதும் அதே பாதரசத்தின் உப்புகள்தான். பாடத்தில் அதை நஞ்சு என்று எழுதி மார்க்ஸ் வாங்கும் பிள்ளை, வீட்டுக்குப் போய் அதையே கன்னத்தில் பூசிக்கொண்டு படுக்கிறாள்.

அது எப்படி வெளுக்க வைக்கிறது? தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின். அது உருவாகும் வேலையைப் பாதரசம் தடுத்துவிடுகிறது. ஆனால் அது முகத்தோடு நிற்பதில்லை. தோல் வழியாக இரத்தத்துக்குப் போய், கிட்னியில் சேர்கிறது. நரம்பையும் தாக்கும். கல்யாணத்துக்குப் பூசும் கிரீம் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கர்ப்பத்திலிருக்கும் குழந்தைக்கும் அது போகக்கூடியது. பூசியவரின் தலையணை, துவாய் வழியாக வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைகளுக்கும் போகலாம். பொதுச் சுகாதாரத்துக்கு மிகக் கவலையான பத்து இரசாயனங்களில் ஒன்றாக உலக சுகாதார நிறுவனம் பாதரசத்தை வைத்திருக்கிறது.

மினமாட்டா சமவாயம் என்று ஓர் உலக உடன்படிக்கை இருக்கிறது. பாதரசம் கலந்த மீனைச் சாப்பிட்டு ஆயிரக்கணக்கானோர் நோயில் விழுந்த ஜப்பானிய நகரத்தின் பெயர் அது. இலங்கை 2017இல் அதில் சேர்ந்தது. அழகுசாதனங்களில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம்தான் எல்லை என்று முதலில் இருந்தது. 2023இல் அதையும் நீக்கி, 2025க்குள் பாதரசம் சேர்த்த அழகுசாதனம் எதுவுமே இருக்கக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். நமது கடைத்தெருவுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலும்.

பாதரசம் இல்லாவிட்டால் ஸ்டீரொயிட். தோல் நோய்க்கு வைத்தியர் நாள் கணக்குப் பார்த்து எழுதும் குளோபெட்டசோல் போன்ற மருந்தை முகக் கிரீமில் கலந்துவிடுகிறார்கள். முதலில் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலியும், நரம்பு தெரியும், பரு வரும், முடி வளரும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அந்தப் பயத்தில் பிள்ளை மறுபடியும் அதே டப்பாவை வாங்கும். விற்பவருக்கு இதைவிட நல்ல வியாபாரம் ஏது?

"நான் பாவிச்சேன், எனக்கு ஒண்ணும் ஆகல்ல" என்று விற்கும் சகோதரிகள் சொல்கிறார்கள். வீட்டிலிருந்து உழைக்கும் பெண்களை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் கிட்னி ஒரு மாதத்தில் சத்தம் போடாது. இன்னொன்று, மேல்தோல் தன்னைப் புதுப்பிக்கவே ஏறத்தாழ நான்கு கிழமை எடுக்கிறது. ஐந்து நாளில் நிறம் மாறுகிறது என்றால் அதைப் பார்த்து மகிழ வேண்டாம், பயப்படுங்கள்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கலோமெல், மெர்குரிக், மெர்குரியோ என்ற சொற்கள் இருந்தால் அது பாதரசம். தயாரித்தவர் பெயர், இறக்குமதி செய்தவர் விலாசம், உள்ளடக்கம், காலாவதித் திகதி எதுவுமே இல்லாவிட்டால் இன்னும் மோசம். சிலவற்றில் "தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பாவிக்கவும்" என்று எழுதியிருக்கும். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான். நகைக்கு ஆகாதது நம் பிள்ளையின் முகத்துக்கு ஆகுமா?

இனி நம்மவர்களுக்கு. இந்த வியாபாரம் டப்பாவில் தொடங்கவில்லை, பெண் பார்க்கும் பேச்சில் தொடங்குகிறது. "புள்ள வெள்ளையா?" இதுதான் முதல் கேள்வி. தீனும் படிப்பும் குணமும் பிறகுதான். பெண் வீட்டார் சொல்லும் பதில்: "கொஞ்சம் மாநிறம்தான், ஆனா நல்ல புள்ள." அந்த "ஆனா"வில்தான் விஷம் இருக்கிறது. அல்லாஹ் கொடுத்த நிறத்துக்கு ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? உடம்பு அமானிதம் என்று ஜும்ஆவில் கேட்கிறோம். மாப்பிள்ளையின் உம்மாமாருக்கு அது பொருந்தாதா? மகன் என்ன நிறம் என்று யாராவது கேட்டார்களா?

போட்டோவுக்குத் தோலைத் தயார் பண்ணவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. தாராளமாகப் பண்ணுங்கள். அதற்கு வேண்டியது இவ்வளவுதான்:

- புதிய பேஷியல், புதிய கிரீம் எதையும் கடைசி இரண்டு கிழமைக்குள் தொடங்க வேண்டாம். முதலில் முழங்கையின் உட்பக்கம் பூசி இரண்டு நாள் பாருங்கள்.
- த்ரெடிங், வெக்ஸிங் இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே முடியட்டும். சிவப்பு அடங்கிவிடும்.
- மருதாணியை இரண்டு நாள் முன்பு வையுங்கள். நல்ல மருதாணி முதலில் செம்மஞ்சளாக இருந்து பிறகுதான் கருக்கும். வைத்தவுடனே கறுப்பாகப் பிடிக்கும் "கறுப்பு மருதாணி"யில் தலைமுடிச் சாயத்தின் பிபிடி இருக்கும். கை கொப்பளித்த மணப்பெண்ணை எந்த போட்டோவும் அழகாக்காது.
- மென்மையான சவர்க்காரம், மொய்ஸ்சரைசர், வெயிலில் போவதானால் எஸ்பிஎஃப் 30 சன்கிரீம், நல்ல தூக்கம்.
- வெளியே எடுப்பதானால் காலை அல்லது அஸருக்குப் பிறகு. அந்த வெளிச்சத்தில் எல்லா நிறமும் அழகு.

ஏற்கனவே அந்தக் கிரீம் பூசுபவர்கள் வெட்கப்படாமல் டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் தோல் வைத்தியரைச் சந்தியுங்கள். ஸ்டீரொயிட் கலந்திருந்தால் எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார். சின்னம்மா, பெரியம்மா சொல்வதைக் கேட்டு அடுத்த டப்பாவுக்கு மாறாதீர்கள்.

கடைக்கார நானாமாரே, விலாசமில்லாத சாமானை இறக்காதீர்கள். ஹலாலான சல்லி வேறு வழியிலும் வரும். இறக்கினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது, அழைக்க நாங்கள் தயங்க மாட்டோம். போட்டோ எடுக்கும் தம்பிமாரே, எடிட்டில் பிள்ளையை வெளுக்க வைக்காதீர்கள். அவளுடைய நிறத்திலேயே அவளைக் கொடுங்கள்.

அடுத்த தடவை பெண் பார்க்கப் போகும்போது அந்த முதல் கேள்வியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வாங்குவதற்கு ஆளில்லாவிட்டால் டப்பா தானாகவே கடையை விட்டுப் போய்விடும், இன்ஷா அல்லாஹ்.